சர்வாதிகாரம் ஊருக்குள் எப்படி நுழைகிறது? சுங்கை சிப்புட் வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். படிவம் 4, 5 படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். தோட்டத்தில் மரம் சீவி ஓய்வுபெற்ற பெரியவர்களும் வருவார்கள். சர்வாதிகார ஆட்சிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததிலிருந்து அதே கேள்விகள் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. வர முடியாதவர்களுக்காகவும், வந்தும் கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்காகவும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சர்வாதிகாரம் என்றால் ஒரே ஆள் எல்லாவற்றையும் முடிவு செய்வதா?

ஒரே ஆளாக இருக்கலாம், ஒரு கட்சியாக இருக்கலாம், நாலைந்து ராணுவத் தளபதிகளாகவும் இருக்கலாம். நான் பார்ப்பது மூன்று விஷயம். ஆட்சியில் இருப்பவரை மாற்ற மக்களுக்கு வழி இருக்கிறதா? அவர் செய்தது தப்பு என்று பேப்பரில் எழுத முடியுமா? பிடித்துக்கொண்டு போன ஆளை விடச் சொல்லி ஒரு நீதிபதி உத்தரவு போட்டால் போலீஸ் கேட்குமா? மூன்றுமே இல்லை என்றால் அது சர்வாதிகாரம். பெயரை வைத்து ஏமாற வேண்டாம். கிழக்கு ஜெர்மனியின் முழுப் பெயரில் 'ஜனநாயகக் குடியரசு' இருந்தது. வட கொரியாவின் பெயரில் இன்றும் இருக்கிறது. இரண்டிலும் தேர்தலும் நடந்தது.

ஒரு நாட்டில் இருக்கிற அத்தனை பேரையும் போலீஸ் எப்படிக் கண்காணிக்க முடியும்?

முடியாது. அவ்வளவு போலீஸ் எந்த நாட்டிலும் இல்லை. அதனால்தான் இந்த ஆட்சிகள் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கின்றன.

ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டபோ என்றால் மூலைக்கு மூலை ஆள் நின்றது போல நினைக்கிறோம். எஞ்சியிருக்கும் அதன் கோப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. ஆட்கள் குறைவு. வழக்குகளில் பெரும்பங்கு சாதாரண மக்கள் கொடுத்த தகவலில்தான் தொடங்கியது. அதற்குப் பின்னால் வாடகைத் தகராறு இருந்தது, கடன் இருந்தது, பிரிந்து போன கணவன் மனைவி சண்டை இருந்தது. ஆட்சி ஒரு கதவைத் திறந்து வைத்தது, பழைய பகையெல்லாம் அதன் வழியாக உள்ளே போனது.

இதையே ஒரு முழு நிர்வாகமாக ஆக்கியது கிழக்கு ஜெர்மனி. 1950இல் தொடங்கிய அதன் உளவு அமைச்சை மக்கள் 'ஸ்டாசி' என்றார்கள். 1989இல் நாட்டின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 60 லட்சம். ஸ்டாசியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 91,000 பேர். அதற்கு மேல் ரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் சுமார் 1,89,000 பேர். கூட்டிப் பார்த்தால் ஐம்பது அறுபது பேருக்கு ஒருவர். நம் தோட்டக் கணக்கில் ஒரு லயத்தில் இருபது வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்று வையுங்கள். லயத்துக்கு ஒன்றிரண்டு பேர் உங்களைப் பற்றி எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியாது. குழாயடியிலும் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் உங்களோடு பேசுபவர் அவராக இருக்கலாம். அப்புறம் நீங்கள் என்ன செய்வீர்கள்? எல்லோரிடமும் பேச்சைக் குறைப்பீர்கள். தகவல் கொடுக்கிறவர் கொடுக்கும் தகவலை விட, அவர் யார் என்று தெரியாமல் இருப்பதுதான் அந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் லாபம்.

1970களுக்குப் பிறகு ஸ்டாசி எல்லோரையும் சிறையில் போடவும் இல்லை. எதிர்ப்பவரின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி வதந்தி கிளப்புவார்கள். வேலையிடத்தில் பெயரைக் கெடுப்பார்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது உள்ளே போய்ச் சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பாதிக்கப்பட்டவர் வெளியே சொன்னால் அவருக்குத்தான் மூளை கலங்கிவிட்டது என்பார்கள்.

வட கொரியாவில் இருபது முதல் நாற்பது வீடுகளுக்கு ஒரு குழு, அதற்கு ஒரு தலைவி. யார் வீட்டுக்கு யார் வந்து தங்கினார்கள் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பர்மாவில் (இன்றைய மியன்மார்) ராணுவ ஆட்சியின்போது உறவினர் ஒரு ராத்திரி தங்கினாலும் அலுவலகத்தில் பதிய வேண்டும். நடுச்சாமத்தில் கதவைத் தட்டி ஆள் எண்ணுவார்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த விதியை மறுபடி கொண்டுவந்தார்கள்.

நம் பக்கம் இப்படி எதுவும் நடந்ததில்லையே?

நடந்திருக்கிறது. 'ஜப்பான்காரன் காலம்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மூன்றரை ஆண்டு முழுமையான ராணுவ சர்வாதிகாரம்தான். ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அதிலிருந்து 1945 ஆகஸ்ட் வரை இங்கே அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

கடிகாரத்தில் தொடங்கினார்கள். தோக்கியோ நேரம்தான் நேரம் என்று ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். 1942ஆம் ஆண்டு அவர்கள் கணக்கில் 2602 ஆனது. பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழி. காவல் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணங்காவிட்டால் கன்னத்தில் அறை. வாழைமரம் போட்ட நோட்டு அடித்து அடித்துக் கடைசியில் அதற்கு மதிப்பே இல்லாமல் போனது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பேப்பர்கள் அவர்கள் கைக்குப் போயின. கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸ் ஊருக்கு ஊர் ஒற்றர்களை வைத்திருந்தது.

ரேடியோவுக்குத் தனிச் சட்டம். வெளிநாட்டு ஒலிபரப்பு எடுக்கும் சிற்றலை வானொலி வைத்திருப்பது பெரிய குற்றம். நம்மிடமிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில், ஈப்போவைத் தாண்டி இருக்கிறது பாப்பான். ஈயச் சுரங்கம் இருந்த சின்ன ஊர். அங்கே கடைத்தெருவில் ஒரு வீட்டில் மருந்தகம் நடத்தினார் தாதி சிபில் கார்த்திகேசு. கணவர் தமிழர், மருத்துவர். சிபில் வீட்டுக்குள் ஒரு வானொலியை மறைத்து வைத்து, அதற்கு 'ஜோசஃபின்' என்று பெயர் வைத்து, ரகசியமாக பிபிசி கேட்டார். கேட்ட செய்தியை நம்பிக்கையான ஆட்களிடம் சொன்னார். காட்டிலிருந்து இறங்கி வந்த, ஜப்பானியரை எதிர்த்த படையினருக்கு வைத்தியம் பார்த்தார். 1943இல் பிடிபட்டார். கெம்பெய்தாய் அவரைச் சித்திரவதை செய்தது. சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி இறக்கப் போவதாக அவர் கண் முன்னால் மிரட்டினார்கள். அப்போதும் யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. போர் முடிந்து விடுதலையானபோது நடக்க முடியாத நிலை. சிகிச்சைக்கு பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். அந்தக் காயங்களிலிருந்து மீளாமலே 1948 ஜூனில் இறந்தார்.

ஒரு வானொலிப் பெட்டிக்காக ஒரு ராணுவம் இவ்வளவு ஏன் செய்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஜப்பான் எல்லா இடத்திலும் வெல்கிறது என்று மட்டுமே ஊரில் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு பெட்டி இருந்த வரைக்கும் அது முடியவில்லை.

சயாம் மரண ரயிலுக்கு நம் மக்கள் எப்படி அவ்வளவு பேர் போனார்கள்? தெரிந்துமா போனார்கள்?

தெரியாமல்தான் போனார்கள். போலீசும் பிரச்சாரமும் தணிக்கையும் ஒன்றுக்கொன்று எப்படித் துணை நிற்கின்றன என்பதற்கு இதைவிடக் கொடுமையான பாடம் நம்மிடம் இல்லை.

சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1942 முதல் 1943 வரை போடப்பட்டது. அந்த நேரம் தோட்டங்களில் வேலை நின்றுபோயிருந்தது. ரப்பரை வாங்க ஆள் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். அந்தப் பசியிடம் வந்து, 'நல்ல கூலி, அரிசி தருவோம், சில மாதத்தில் திரும்பிவிடலாம்' என்றார்கள். நம்பிக் குடும்பத்தோடு போனவர்கள் உண்டு. அங்கே காலரா, மலேரியா, பட்டினி, அடி. இறந்த தமிழர்கள் பல்லாயிரம்.

முதலில் போனவர்கள் செத்துக்கொண்டிருந்தது தோட்டத்துக்குத் தெரியவில்லை. எந்தப் பேப்பரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்த கூட்டம் ரயில் ஏறியிருக்காது. பிறகு மெல்ல மெல்லச் செய்தி கசிந்து, யாரும் முன்வராமல் போனதும் ஆசை வார்த்தையை நிறுத்திவிட்டு வளைத்துப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிய கதை பல தோட்டங்களில் சொல்லப்படுகிறது.

அதே ஆண்டுகளில்தான், ஜப்பானியர் துணையோடு நடந்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். வீட்டில் அவர் படத்தை மாட்டி வைத்திருக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய பெருமை உண்மையானது. ரயில் பாதையில் செத்தவர்களும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்வேன். அந்தப் பாதையில் இறந்த நேச நாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் வரிசை இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அரசாங்கப் பிரச்சாரத்தை மக்கள் நம்பினார்களா?

ஆரம்பத்தில் பலர் நம்புவார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இலேயே 76 மார்க் விலையில் 'மக்கள் வானொலி' என்ற மலிவுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. ஏழை வீட்டிலும் தலைவரின் குரல் கேட்க வேண்டும் என்பது நோக்கம். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் வெளிநாட்டு வானொலி கேட்பதைக் குற்றமாக்கினார்கள். ஒரே குரலை மட்டும் வருஷக்கணக்கில் கேட்டால் அதில் பாதி உள்ளே இறங்கத்தான் செய்யும்.

ஆனால் நாளாக ஆக, நம்புகிறார்களா என்பது முக்கியமில்லாமல் போய்விடுகிறது. பொய் என்று தெரிந்தே பத்தாயிரம் பேர் கை தட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கிற ஒவ்வொருவரும் 'நான் ஒருத்தன்தான் இப்படி நினைக்கிறேன் போல' என்று வாயை மூடிக்கொள்வார்கள். ஊர்வலமும் படமும் கோஷமும் செய்கிற வேலை இது.

ருமேனியாவில் இது உடைந்த நிமிடம் படமாகவே இருக்கிறது. 1989 டிசம்பர் 21, புக்கரெஸ்ட் நகரத்து மைதானம். இருபது ஆண்டுக்கு மேல் ஆண்ட சௌஷெஸ்கு மாடத்தில் நின்று பேசுகிறார். தொழிற்சாலைகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கொடி கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நேரடி ஒளிபரப்பு. பேச்சு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் ஒரு பக்கமிருந்து கூச்சல். அவர் பாதி வாக்கியத்தில் நிற்கிறார். வலது கை மேலே தூக்கியபடி இருக்கிறது. 'அலோ, அலோ' என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார், தொலைபேசி லைன் அறுந்துபோனவர் மாதிரி. ஒளிபரப்பைத் துண்டிக்கிறார்கள். மறுபடி வந்து சம்பளத்தைக் கூட்டுகிறேன் என்கிறார். கூச்சல் போட்டது கொஞ்சம் பேர்தான். ஆனால் தனக்குப் பக்கத்தில் நிற்பவனும் தன்னைப் போலவே நினைக்கிறான் என்று அன்று நாடு முழுவதும் தெரிந்துவிட்டது. நான்கே நாளில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணை என்று பெயருக்கு ஒன்று நடந்தது. அதையும் நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

தணிக்கை என்றால் பேப்பரில் கறுப்பு மை பூசுவதுதானே?

அது பழைய, நேர்மையான முறை. பூசியிருப்பதாவது கண்ணுக்குத் தெரியும்.

ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்தவர் யெஷோவ். மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் அவர் நிற்கிற படம் ஒன்று உண்டு. அவரையே கொன்ற பிறகு படத்தில் அவர் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். அதே பதவிக்கு அடுத்து வந்த பெரியாவை 1953இல் கைது செய்து கொன்றார்கள். சோவியத் கலைக்களஞ்சியம் வாங்கியவர்களுக்கு அதன் பிறகு ஒரு கடிதம் வந்தது: பெரியா பற்றிய பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு, இத்துடன் வரும் பக்கங்களை ஒட்டிக்கொள்ளவும். வந்த பக்கங்களில் பெரிங் கடல் பற்றிய விவரம் கூட்டி எழுதப்பட்டிருந்தது. வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகத்தைச் சொந்தக்காரரே தன் கையால் வெட்ட வேண்டும். எனக்கு இதில் கோபம் வருவது அந்தக் கத்தரிக்கோலை நினைத்தால்தான்.

1937இல் சோவியத் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது எண்ணிக்கை ஸ்டாலின் எதிர்பார்த்ததை விட மிகவும் குறைந்திருந்தது. 1932–33 பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் இறந்ததை அந்த எண் காட்டிக் கொடுத்தது. கணக்கை மறைத்தார்கள், எடுத்த அதிகாரிகளைக் கைது செய்தார்கள். ருமேனியாவில் 1983இல் தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர் எல்லோரும் போலீசில் பதிய வேண்டும் என்று ஆணை வந்தது. எழுத்து மாதிரியையும் கொடுக்க வேண்டும். எங்காவது ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தால் எந்த இயந்திரம் என்று கண்டுபிடிக்கத்தான்.

இதெல்லாம் சில ஆண்டு நடந்தால் போதும், அப்புறம் தணிக்கை அதிகாரிக்கு வேலை குறைந்துவிடும். எழுதுகிறவரே எழுதும்போதே விட்டுவிடுவார். ஆசிரியர் வகுப்பில் சொல்ல மாட்டார். அப்பா அம்மா பிள்ளைகள் முன்னால் பேச மாட்டார்கள், பிள்ளை பள்ளியில் உளறிவிடுமோ என்று.

பயந்து சும்மா இருந்தது கோழைத்தனம் இல்லையா?

இளைஞர்கள் இதைச் சூடாகக் கேட்கிறார்கள். அந்தச் சூடு எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தனக்கு மட்டும் அடி விழும் என்றால் தாங்கத் தயாராக இருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்த ஆட்சிகள் அடிப்பது குடும்பத்தை. 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் 'எதிரி' என்று முத்திரை குத்தப்பட்டவரின் மனைவி முகாமுக்குப் போனார், பிள்ளைகள் அநாதை இல்லத்துக்குப் போனார்கள். கிழக்கு ஜெர்மனியில் மகளுக்கு பல்கலைக்கழக இடம் கிடைக்காது. மகள் படிப்பதற்காகப் பேசாமல் இருந்த ஒரு தகப்பனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எதிர்ப்பும் இருந்தது. சோவியத் நாட்டில் தடை செய்த எழுத்துகளை கார்பன் தாள் வைத்து நாலைந்து பிரதி தட்டச்சு செய்து கைமாற்றினார்கள். வாங்கியவர் மறுபடி நாலைந்து அடித்தார். 1989 அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் சுமார் 70,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். சுடுவதற்குப் போலீஸ் தயாராக நின்றது. அவ்வளவு கூட்டத்தைப் பார்த்துச் சுடாமல் விட்டது. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

1948 அவசரகாலத்தில் வெள்ளைக்காரன் நம் ஊரில் செய்ததும் இதுதானே?

நம் ஊர்க்காரர்கள் கேட்காமல் விடாத கேள்வி. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றதோடுதான் அவசரகாலம் தொடங்கியது. 1960 ஜூலை வரை நீடித்தது.

கருவிகள் அதே கருவிகள்தான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைரேகையும் உள்ள அடையாள அட்டை வந்தது. விசாரணை இல்லாத காவல் வந்தது. ஏறக்குறைய 5 லட்சம் பேரை முள்வேலிக்குள் இருக்கும் புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். தோட்டத்து லயங்களைச் சுற்றியும் வேலி வந்தது. ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு, வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்று உடல் சோதனை. வானத்திலிருந்து துண்டுச் சீட்டு, தோட்டத்துக்குப் படம் காட்டும் வண்டி. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமில்லாத 24 தோட்டத் தொழிலாளர்களை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடியதால் சுட்டோம் என்று அரசு அறிவித்தது.

காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளும் கொன்றார்கள். நம் தொழிலாளிகளையும் கிராணிகளையும் கூடக் கொன்றார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஜப்பானிய ஆட்சியையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். 1955இல் தேர்தல் நடந்தது, 1957இல் சுதந்திரம் வந்தது. ஆனால் வாக்குரிமை இல்லாத மக்களை வேலிக்குள் வைத்து ஆண்டதற்கு நான் வேறு நல்ல பெயர் தேடவும் மாட்டேன்.

அப்படியானால் மலேசியா சர்வாதிகார நாடா?

இல்லை. 2018இல் வாக்குச் சீட்டால் ஆட்சியை மாற்றினோம். இந்தப் பக்கத்தை நான் பயமில்லாமல் எழுதுகிறேன். ஆனாலும் அவசரகாலம் முடிந்த மறுநாளே, 1960 ஆகஸ்ட் 1இல், விசாரணை இல்லாமல் காவலில் வைக்க இடம் தந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1987 அக்டோபரில் அந்தச் சட்டத்தின் கீழ் நடந்த லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து, மூன்று பத்திரிகைகளை மூடினார்கள். அந்தச் சட்டம் 2012இல் நீங்கியது. அதன் இடத்தில் வந்த சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டம் 28 நாள் வரை காவலில் வைக்க இடம் தருகிறது. ஒரு சட்டம் எந்த நல்ல காரணத்துக்காக வந்தாலும், நமக்குப் பிடிக்காத ஆள் கையில் அது இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும்போது இனி இதெல்லாம் நடக்குமா?

நடக்கிறது. 2021 பிப்ரவரி 1 விடியலில் மியன்மார் ராணுவம் முதலில் அறுத்தது தொலைபேசியையும் இணையத்தையும்தான். சீனாவில் 1989 ஜூன் 4 தியானன்மென் படுகொலையைப் பற்றித் தேட முடியாது. மக்கள் அந்தத் தேதியை 'மே 35' என்று எழுதினார்கள், அதையும் தடுத்தார்கள். முன்பு ஸ்டாசி ஆள் வைத்து எழுதியதை இப்போது நாமே சட்டைப்பையில் சுமக்கிறோம்: எங்கே போனோம், யாரோடு பேசினோம், எல்லாம்.

ஆட்சி விழுந்த பிறகு எல்லாம் சரியாகிவிடுமா?

சட்டம் சீக்கிரம் மாறும். மனிதர்களுக்குள் உடைந்தது சீக்கிரம் ஒட்டாது. 1990 ஜனவரி 15இல் மக்கள் பெர்லினில் ஸ்டாசி தலைமையகத்துக்குள் புகுந்தார்கள். கோப்புகளை அடுக்கினால் நூறு கிலோமீட்டருக்கு மேல். 1992இலிருந்து தன் கோப்பைத் தானே படிக்க வழி செய்தார்கள். ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போன வேரா வோலன்பெர்கர் என்ற பெண், தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்த ஒருவர் தன் சொந்தக் கணவர் என்று தெரிந்துகொண்டார். கோப்புகளை எரித்துவிடலாம், நிம்மதியாக இருக்கும் என்று சொன்னவர்களும் அங்கே இருந்தார்கள். திறந்ததுதான் சரி என்று நான் நினைக்கிறேன். யார் என்று தெரியாமல் எல்லோரையும் சந்தேகப்படுவதை விட அது மேல்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

வீட்டில் எண்பது தொண்ணூறு வயதில் யாராவது இருந்தால் அவர்களிடமிருந்து. 'ஜப்பான்காரன் கொடுமைக்காரனா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அப்போது என்ன சாப்பிட்டீர்கள், வேலிக் கதவை எத்தனை மணிக்குத் திறந்தார்கள், சயாமுக்குப் போனவர்கள் யார் யார், திரும்பி வந்தவர் யார், யாரைக் கண்டால் பேச்சை நிறுத்துவீர்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்கள் சம்மதத்தோடு. போனவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கட்டாயம் எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தால் வட்டத்தில் ஒரு நோட்டில் சேர்த்து வைக்கிறோம்.